களையும் மருந்தும்

எந்தச் செடியும் பிறப்பிலேயே களை அன்று. அறுகம்புல் ரோஜாப் பாத்தியில் படர்ந்தால் களை. வரப்பில் படர்ந்தால் மண்ணைப் பிடித்து நிறுத்தும் காவல். கீழாநெல்லி வைத்தியருக்கு மூலிகை. முற்றத்தைப் பெருக்குபவருக்குக் குப்பை. எனவே களை என்பது செடியின் இயல்பைக் குறிக்கும் சொல்லன்று. நமக்கும் அச்செடிக்கும் உள்ள உறவைக் குறிக்கும் சொல். தோட்டம் அமைப்பவன் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தே ஆகவேண்டும். அந்த உரிமையை எவரும் மறுப்பதற்கில்லை. வேண்டாதது என்று தீர்ப்பிட்டபின் அத்தீர்ப்பை எவ்வழியில் நிறைவேற்றுகிறோம் என்பதில்தான் அறநெறிக் கேள்வி எழுகின்றது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் இக்கேள்வி நம் பங்குகள் பலவற்றில் எழுவதுண்டு. நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் நினைவு நாள். அதற்குள் கல்லறைத் தோட்டம் சீராக வேண்டும். மழையிலோ புல் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும். ஆட்களை வைத்துக் களையெடுத்தால் பல நாள் கூலி. மருந்து அடித்தால் ஓர் ஆள், ஒரு தெளிப்பான், ஒரு காலைப்பொழுது. வீட்டுத் தோட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் இதே கணக்குத்தான். அந்தக் கணக்கில் எழுதாமல் விடப்பட்டவை எவை என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

களைக்கொல்லிகளின் வரலாறு நீண்டதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால ஆய்வுகளில் பிறந்த 2,4-டி என்னும் வேதிப்பொருள் 1940களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. கிளைபோசேட்டின் களை கொல்லும் ஆற்றல் 1970இல் கண்டறியப்பட்டு, 1974இல் அது சந்தையை அடைந்தது. இலையில் பட்ட கிளைபோசேட் வேர்வரை இறங்கி, செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைப் படைத்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடுகின்றது. அவ்வழி மனித உடலில் இல்லை. ஆகவே இது மனிதருக்குத் தீங்கற்றது என்று பலரும் நம்பினர். குனிந்து குனிந்து முதுகு ஓய்ந்த உழவருக்கு இது பெரும் ஆறுதலாக வந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் ஐயம் எழுந்தது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களின் வரிசையில் கிளைபோசேட்டைச் சேர்த்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய தீங்கு நேர வாய்ப்பில்லை என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதையொட்டிய முடிவையே கூறியது. இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம் உண்டு. பொருளின் இயல்பிலேயே தீமை உள்ளதா என்று முன்னது கேட்டது. வழக்கமான பயன்பாட்டில் அத்தீமை நேருமா என்று பின்னவை கேட்டன. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக அன்றி எவரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு மேலும் பத்தாண்டு அனுமதி அளித்தது. அறிஞரே ஒன்றுபடாத இடத்தில் எளியவரின் மனச்சான்று எதைப் பின்பற்றுவது?

அறநெறி இறையியல் நூல்களில் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. வேட்டைக்காரன் ஒருவன் புதருக்குள் அசைவைக் காண்கின்றான். அது மானா, மனிதனா என்று அவனுக்குத் தெரியவில்லை. மானாக இருக்கலாம் என்பதற்காக அவன் அம்பு எய்யலாமா? எய்யலாகாது என்பதே விடை. ஐயமான செயல்கள் பலவற்றில் நமக்கு விடுதலை உண்டு. பிறருடைய உயிர் தொடர்பான ஐயத்திலோ பாதுகாப்பான வழியையே தேர வேண்டும். ஆயினும் எல்லா இடர்களும் ஒரே எடையுடையன அல்ல. விளைச்சல் போனால் கடனில் மூழ்கும் உழவரின் தேவையும், முற்றம் பசுமை மாறாது பளிச்சிட வேண்டும் என்னும் நம் விருப்பமும் ஒரே தட்டில் வைக்கத் தக்கன அல்ல. தேவை சிறியதாகவும் மாற்று வழி கைக்கெட்டும் தொலைவிலும் இருக்கும்போது, அந்த அம்பை எய்வதற்கு நமக்கு என்ன நியாயம்?

மேலும், ‘வழக்கமான பயன்பாடு’ என்று அறிக்கைகள் கூறுவது கையுறையும் முகக்கவசமும் காலணியும் அணிந்து தெளிப்பதை. நம் ஊரில் தெளிப்பவரைப் பாருங்கள். வெறுங்கால், மடித்துக் கட்டிய வேட்டி, முகத்தில் ஒரு துண்டு. நம் வெயிலில் அவரைக் குறைகூறவும் மனம் வராது. ஐயத்தின் பலன் நமக்கும் ஐயத்தின் சுமை அவருக்குமாகப் பங்கிடப்படுவது எவ்வகையில் நீதியாகும்?

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. நஞ்சை நாம் மருந்து என்றே அழைக்கின்றோம். ‘களை மருந்து’, ‘பூச்சி மருந்து’ என்று பெயரிட்டு வீட்டுப் பரணில் வைக்கின்றோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு முறிமருந்து இல்லை. ஒரு கணத்துச் சினத்திலோ துயரத்திலோ கைக்கெட்டிய புட்டியை நாடியவர்களின் குடும்பங்களைப் பங்குப் பணியில் இருக்கும் எவரும் அறிவர். அந்தக் கணம் கடந்திருந்தால் அவர்களுள் பலர் வாழ்ந்திருப்பர். இது வெறும் ஊகமன்று. இலங்கை அரசு கொடிய வேளாண் நஞ்சுகளைப் படிப்படியாக விலக்கியது; பாராகுவாட்டும் 2008க்கும் 2011க்கும் இடையில் விலக்கப்பட்டது. அந்நாட்டில் தற்கொலைச் சாவுகள் கணிசமாகக் குறைந்தன. ஆகவே தோட்டத்திற்கென்று ஒரு புட்டியை வீட்டிற்குக் கொண்டுவரும் முன், அவ்வீட்டில் வாழும் அனைவரையும் நினைத்துப் பார்ப்பது கடமை.

அவ்வாறாயின் கையால் களையெடுப்பதே அறம் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசர முடிவே. கலிபோர்னியாவின் காய்கறித் தோட்டங்களில் ஒரு காலத்தில் தொழிலாளருக்குக் குட்டைப் பிடியுள்ள களைக்கொத்தையே கொடுத்தனர். நாள் முழுதும் இரண்டாக வளைந்து உழைத்தவர்களின் முதுகெலும்பு சிதைந்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1975இல் அக்கருவி அங்கே தடைசெய்யப்பட்டது. நம் ஊரில் களையெடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் கூலியோ குறைவு. நஞ்சு தெளிப்பதில்லை என்று பெருமை கொள்ளும் ஒருவர், நிழலில் நாற்காலியிட்டு அமர்ந்து, வெயிலில் குந்தியிருப்பவரின் கூலியைக் குறைக்கப் பேரம் பேசினால், அவருடைய தோட்டம் தூயதாக இருக்கலாம். அவருடைய கை தூயதன்று.

‘இயற்கை’ என்னும் சொல்லும் நம்மை ஏமாற்றக்கூடும். உப்பு இயற்கையானதே, களையின்மேல் அதைக் கொட்டினால் அந்த மண்ணில் நெடுங்காலம் எதுவும் முளைக்காது. செறிவு மிகுந்த வினிகர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். எனவே இயற்கையா செயற்கையா என்பது முதற்கேள்வி அன்று. யாருக்குத் தீங்கு? அத்தீங்கு மீளக்கூடியதா? உழைப்பின் சுமை யார்மேல் விழுகின்றது? இவையே கேட்கத் தக்க கேள்விகள்.

இக்கேள்விகளோடு நோக்கினால் வழிகள் பல தென்படுகின்றன. பாத்தியில் வைக்கோலும் சருகும் கனமாகப் பரப்பி மூடாக்கு இட்டால், ஒளி தேடும் விதைகள் முளைப்பது குறையும். மழை பெய்து மண் இளகிய மறுநாள், பூத்து விதை சிந்துமுன் பிடுங்கினால் பாதி உழைப்பு போதும். நீண்ட பிடியுள்ள களைக்கொத்து நின்றபடியே வேலை செய்ய உதவும். கோடையில் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஈரமண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தால், வெப்பத்தில் விதைகள் பல மடியும். கோரை மட்டும் எளிதில் அடங்காது. இலையைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு எஞ்சும். மீண்டும் மீண்டும் எடுத்துக் கிழங்கை ஓயச் செய்வதன்றி வேறு குறுக்குவழி இல்லை. தென்னகத்து நிலங்களைச் சூழ்ந்திருந்த சப்பாத்திக் கள்ளியை, 1926இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட சிறு பூச்சியினம் ஒன்று சில ஆண்டுகளில் அடக்கிக் காட்டியதும் நினைவுகூரத் தக்கது.

களையை அடியோடு ஒழிக்க முடியும் என்னும் எண்ணமே பிழையானது. 1879இல் அமெரிக்கத் தாவர அறிஞர் வில்லியம் பீல், களை விதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்தார். அவற்றுள் ஒன்றை 2021இல் தோண்டி எடுத்தபோது, 142 ஆண்டு உறங்கிய விதைகளுள் சில முளைவிட்டன. கிளைபோசேட்டுக்கு அடங்காத களைகளும் 1990களின் நடுப்பகுதி முதல் தோன்றிவிட்டன. ஆகவே நம் இலக்கு ஒழிப்பதாக அன்றி, எல்லைக்குள் நிறுத்துவதாக இருத்தல் வேண்டும்.

கொடியவரை அரசன் ஒறுப்பதைப் பயிரில் களையெடுப்பதற்கு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படுமோ என அஞ்சி, அறுவடைவரை காத்திருக்கச் சொல்கின்றார் நற்செய்தி உவமையின் நிலக்கிழார். இரண்டும் முரண்படுவன போலத் தோன்றலாம். வள்ளுவர் கூறுவது இனங்கண்ட தீமையைப் பற்றி. உவமை எச்சரிப்பது இனங்காணாத அவசரத்தைப் பற்றி. இரண்டிற்கும் பொதுவாக நிற்பது பிரித்தறியும் விவேகம். தெளிப்பானுக்கு அது கிடையாது. பச்சையாக உள்ள அனைத்தும் அதற்கு ஒன்றே. களையெடுக்கும் பெண்ணோ பருப்புக்கீரையைத் தனியே கிள்ளி மடியில் கட்டிக்கொள்கின்றாள். தும்பையைத் தாண்டிச் செல்கின்றாள்.

கல்லறைத் தோட்டத்திற்கும் அத்தகைய கைகளே ஏற்றவை. நம்முடையவர்கள் உறங்கும் மண்ணை ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப்பொழுது வந்து சீர்செய்யலாம். இயலாதவர்களின் கல்லறைகளுக்குப் பங்கு பொறுப்பேற்று, வேலை செய்வோருக்கு நியாயமான கூலியும் நல்ல கருவியும் கொடுக்கலாம். அதன்பின்னும் ஆங்காங்கே சிறிது புல் எஞ்சி நின்றால், அதனால் இறந்தோரின் மாண்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது.