இரண்டு பூஜ்யங்கள்

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவது சுலபம். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு தேர்வில் 10க்கு 7, அடுத்ததில் 10க்கு 8 வாங்கினால், மொத்தம் 20க்கு 15 என்று நாமும் அப்படித்தான் கூட்டுகிறோம். அங்கே அது சரி. பின்னப் பெருக்கலிலும் மேலோடு மேல், கீழோடு கீழ்தான். கிளிஞ்சலை வெள்ளியென்று எடுக்கக் குனிபவனைப் பற்றி மீமாம்சகர் பிரபாகரர் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. அவனிடம் பொய்யறிவு என்று ஒன்று இல்லை. எதிரே பளபளப்பதைக் காண்பதும் மெய், வெள்ளியின் நினைவும் மெய், இரண்டும் வேறு என்பதுதான் அவனுக்குப் படவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் பிரைத்வெயிட், ராபர்ட் சீக்லர் முதலானோர் 2019இல் பிள்ளைகளின் பின்னக் கணக்குகளை ஆராய்ந்தபோது, தவறுகிறவர்கள் ஒரே மாதிரி தவறவில்லை. சிலர் கூட்டல் முறையை எல்லாவற்றிலும் பிடித்துக்கொள்கிறார்கள்: 3/5 × 1/5 என்றாலும் கீழே 5 அப்படியே நிற்கும், விடை 3/5. சிலருக்குப் பெருக்கல் முறைதான் எங்கும். இன்னும் சிலர் கணக்குக்குக் கணக்கு முறையை மாற்றுகிறார்கள். முதல் இரு வகையும் நம் தருக்க நூலார் திரிபு என்றது; மூன்றாவது, அந்தியில் தெரிவது கட்டையோ ஆளோ என்று தடுமாறும் ஐயம். விடைத்தாளில் திரிபுக்கும் ஐயத்துக்கும் விழுவது ஒரே பூஜ்யம்.

இடம் பாராமல் ஒரு முறையைப் பிடித்துக்கொள்வதை அறிவு என்பதா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1978இல் அமெரிக்காவில் 13 வயதினரிடம், 12/13 + 7/8 எதற்கு அருகில் வரும் என்று கேட்டார்கள். இரண்டில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1. 2 என்றவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். பின்னத்தின் அளவையே பாராமல் விதியை ஓட்டுவதை ஞானம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் திரிபு கலையக்கூடியது. நையாயிகர் என்னும் அந்தத் தருக்க நூலார் பிரபாகரரோடு எவ்வளவு சண்டையிட்டாலும், பிந்தைய அறிவு வரும்போதே மயக்கம் தெளியும் என்பதில் தகராறு இல்லை. 2/5 என்று உறுதியாக எழுதிய பிள்ளையிடம், அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரைக்கும் குறைவாகப் போனதெப்படி என்று கேட்டால் கை நின்றுவிடும். இழக்க அதனிடம் ஒரு கொள்கை இருக்கிறது. ஐயத்தில் இருக்கும் பிள்ளையிடம் அதே கேள்வியைக் கேட்டால் திடுக்கிடாது. அழித்துவிட்டு 1/6 என்று எழுதி, முகத்தைப் பார்க்கும்.