துஷெய்கோ அம்மாளுக்கு யார் மன்னிப்பு வழங்குவது?

போலந்து எழுத்தாளர் ஓல்கா தோகார்ச்சுக் 2009இல் வெளியிட்ட நாவல் ஒன்றின் பெயரை, ‘இறந்தவர்களின் எலும்புகள் மேல் உன் ஏரை ஓட்டு’ என்று தமிழில் சொல்லலாம். பெயர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்தது. ஆன்டோனியா லாயிட்-ஜோன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்து, அடுத்த ஆண்டு சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலை எட்டியது. அதற்குப் பிறகு பல நாட்டு வாசகர்கள் கூடிப் பேசும் புத்தகமாகிவிட்டது. எங்கே பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: கதை சொல்லும் அந்த அம்மாளை மன்னிக்கலாமா? கொலைகாரர் யார் என்பதை வெளியிடாமல் இந்தக் கேள்வியைத் தொட வழியில்லை. ஆகவே இங்கே முடிவு சொல்லப்படுகிறது.

செக் எல்லையை ஒட்டிய க்லொட்ஸ்கோ பகுதியின் மேட்டுநிலத்தில், பனிக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் கோடை வீடுகளுக்குக் காவல் இருப்பவர் யானினா துஷெய்கோ. ஒரு காலத்தில் பாலங்கள் கட்டிய பொறியாளர். இப்போது சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். கிடைக்கும் பிறந்த தேதிக்கெல்லாம் ஜாதகம் கணிப்பார். அக்கம்பக்கத்தாருக்குத் தானே பெயர் சூட்டுவார், தன்னை யாரும் ‘யானினா’ என்றால் மட்டும் பொறுக்கமாட்டார். முன்னாள் மாணவன் ஒருவனோடு உட்கார்ந்து பிளேக்கைப் போலிஷில் மொழிபெயர்ப்பார். அண்டைவீட்டுக்காரன் ஒருவன் மான் எலும்பு தொண்டையில் சிக்கிச் சாகிறான். பிறகு ஊரின் வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக இறந்துகிடக்கிறார்கள். விலங்குகள்தாம் பழிவாங்குகின்றன என்று துஷெய்கோ காவல்துறைக்குக் கடிதம் எழுதுகிறார். பதில் இல்லை. முதல் சாவு விபத்து. மற்றவை அவர் கையால் நடந்தவை. காணாமல்போன தன் நாய்களின் உடல்கள், வேட்டைக்காரர்கள் காலடியில் மற்ற விலங்குகளோடு வரிசையாகக் கிடந்த நிழற்படம் ஒன்றை அந்த அண்டைவீட்டில் அவர் கண்டெடுத்திருந்தார்.

மன்னிக்கிறவர்களில் ஒரு சாரார் சட்டத்தைக் காட்டுகிறார்கள். அவர்கள் பக்கம் கனம் இருக்கிறது. விலங்கு துன்பத்தை உணரக்கூடிய உயிர், அது பொருள் அல்ல என்று போலந்தின் 1997ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே அறிவிக்கிறது. ஆனால் காட்டில் திரியும் வேட்டை விலங்குகள் அரசுக் கருவூலத்தின் சொத்து என்கிறது 1995ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம். நாவல் வெளிவந்த சமயத்தில், குடியிருப்பிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் மேற்பார்வையின்றித் திரிந்து வன உயிர்களுக்கு ஆபத்தாகும் நாயைக்கூட வேட்டைப் பகுதியின் பொறுப்பாளர்கள் ஒழித்துக்கட்டலாம் என்று விதி இருந்தது. 2011இல்தான் அதைத் திருத்தினார்கள். ஒரே மானைக் கொல்வது ஒரு மாதத்தில் குற்றம், இன்னொரு மாதத்தில் விளையாட்டு. நாவலில் இந்த வேட்டையை நடத்துகிறவர்களில் காவல்துறைத் தலைவரும் உண்டு, அவர்களை ஆசீர்வதிக்கும் பாதிரியாரும் உண்டு. செத்த நாய்களுக்காக அழும் துஷெய்கோவிடம், விலங்கை மனிதரைப் போல எண்ணித் துக்கம் காப்பது பாவம் என்று அந்தப் பாதிரியாரே சொல்கிறார். அப்படியானால் புகார் கொடுக்க அவர் எந்த வாசலுக்குப் போவார்?

கேள்வி நியாயமானது. அதிலிருந்து கொலைக்கு உரிமை பிறப்பதில்லை. வேட்டைக்காரர்கள் செய்ததன் அடித்தவறு, எந்த உயிர் இருக்கலாம், எது போகலாம் என்ற கணக்கைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதுதான். துஷெய்கோ அந்தக் கணக்கைத் திருத்தவில்லை, தன் பக்கமாக மாற்றி எழுதினார். அதைவிட வலிக்கும் ஒன்று இருக்கிறது, வாசகர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. கொன்ற இடத்தில் மானின் குளம்பைக் கொண்டு தடம் பதித்தவர் அவர். பழியை விலங்குகள் மேல் சுமத்திக் கடிதங்கள் எழுதியவரும் அவரே. இடைக்கால ஐரோப்பாவில் விலங்குகளை நீதிமன்றத்தில் நிறுத்திய வழக்குகளையெல்லாம் அதற்கு ஆதாரமாக அடுக்குகிறார். காவல்துறை ஒருவேளை அவரை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆளைக் கொல்லும் மான், ஆளைக் கொல்லும் நரி என்று துப்பாக்கிகள் இன்னும் அதிகமாகக் காட்டுக்குள் நுழைந்திருக்கும். வாயில்லா உயிர்களுக்காகப் பேச வந்தவர், தன் குற்றத்தை அந்த வாயில்லா உயிர்களின் தலையில் ஏற்றினார். அவர் மேல் அன்பு வைத்துப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

இரண்டாவது சாராரின் மன்னிப்பு வேறு மாதிரி. பாவம், தனியாக இருக்கும் வயதான பெண், உடம்பு முழுக்க நோவு, கிரகங்களோடு பேசிக்கொண்டிருப்பவர், நாய்கள் போனதில் மனம் பேதலித்துவிட்டது. இரக்கமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நாவலில் காவல்துறை அவரைப் பார்த்த பார்வைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கிறுக்குக் கிழவி என்று முடிவுகட்டிக் கடிதங்களை ஓரம் தள்ளினார்கள். அதனாலேயே நெடுநாள் அவர்மேல் சந்தேகமும் வரவில்லை. வேட்டைக்கு எதிராக அவர் சொன்ன நியாயத்தைக் கேட்க மறுத்தது எந்த அலட்சியமோ, அதுதான் அவர் செய்த கொலையைக் கொலையாகப் பார்க்கவும் மறுக்கிறது. ஒருவரின் சொல்லுக்கு மதிப்புத் தருகிறோம் என்றால் செயலுக்கும் அவரையே பொறுப்பாக்க வேண்டும். துஷெய்கோ சிந்தித்துத் திட்டமிடுகிறவர். இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கிறார். பனிக்கட்டியை ஆயுதமாக்கினால் அது உருகிப்போகும் என்று பொறியாளருக்கே உரிய தெளிவோடு அறிந்திருக்கிறார். அந்த அறிவைக் கண்டு வியந்துவிட்டு, தீர்ப்பு என்று வரும்போது மட்டும் அறிவு கலங்கியவர் என்று விலக்குக் கொடுப்பது அவரைச் சிறுமைப்படுத்துவது.

கதையை அவர் குரலிலேயே கேட்பதால் இந்தத் தெளிவு வாசகருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. பனியில் அவரோடு நடந்து, அவர் சமைத்த கடுகு சூப்பைப் பகிர்ந்து, நாய்களின் கல்லறையருகே நின்ற பிறகு, எதிர்த்தரப்பில் போய் உட்கார மனம் ஒப்புவதில்லை. இறந்தவர்கள் எல்லோரும் நாம் வெறுக்கும்படியே காட்டப்படுகிறார்கள், ஏனென்றால் காட்டுகிறவர் அவர். நாய்கள் கிடந்த அந்த நிழற்படத்தை அவர் காவல்துறையிடம் மட்டும் மறைக்கவில்லை, நம்மிடமும்தான் மறைத்தார். அக்னியெஷ்கா ஹோலண்ட் இந்தக் கதையைப் படமாக்கி 2017 பெர்லின் விழாவில் திரையிட்டபோது, இது சூழலியல் பயங்கரவாதத்தைத் தூண்டுகிறது என்று சிலர் சாடினார்கள். அது மேலோட்டமான குற்றச்சாட்டு. நாவல் யாரையும் தூண்டவில்லை, நம் பரிவு எவ்வளவு சுலபமாக ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதை நமக்கே தெரியவைக்கிறது.

நாவலில் துஷெய்கோவின் நண்பர்களின் நிலை வேறு. உண்மையை ஊகித்து, அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் வாயாலேயே கேட்டுக்கொண்ட பிறகுதான் தப்பிக்க உதவுகிறார்கள். அவர்களில் பிளேக்கை மொழிபெயர்க்கும் அந்த மாணவன் காவல்துறையில் வேலை பார்ப்பவன். அவர்கள் செய்ததும் குற்றமே, ஆனால் அந்தக் குற்றத்தில் அவர்களுக்கும் இழக்க ஏதோ இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு மன்னிப்பு வழங்கும் வாசகர் எதையும் பணயம் வைப்பதில்லை. அப்படியானால் அந்த ஊரில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், நாவலுக்குள் பதில் கிடையாது. கடிதம் எழுதிப் பார்த்தார், நேரில் போய்ப் புகார் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. அவரைக் கைவிட்ட சட்டத்தின்மேல் ஒரு வழக்கு இருக்கிறது, அவர்மேல் ஒரு வழக்கு இருக்கிறது. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைத் தள்ளுபடி செய்யும் உரிமை வாசகருக்கு இல்லை, இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறக்கும் உரிமையும் இல்லை.