கையைப் பிடிப்பவர் யார்?

தரையில் ஓர் ஆலை தன் கழிவை ஆற்றில் விட்டால் ஊர் அறியும். கரையிலிருந்து நூறு மைல் தள்ளி, நள்ளிரவில் ஒரு கப்பல் எண்ணெய்க் கழிவைக் கடலில் திறந்து விட்டால் அதை அறிபவர்கள் அக்கப்பலில் வேலை செய்யும் நாலைந்து பேர்தாம். அவர்களும் அதே கப்பலை நம்பிப் பிழைப்பவர்கள். இத்தகைய இடத்தில் ஒரு சட்டம் எதைக் கொண்டு இயங்கும்? மறைவாக நடப்பதை அரசு எவ்வளவு தூரம் துருவலாம்? கேடு நிகழ்ந்த பின் அறவிடும் பணம், நிறைவேற்றாத கடமைக்கு ஈடாகுமா? கப்பல்களும் துறைமுகங்களும் பற்றிய கேள்விகளாகத் தோன்றினாலும் இவை அடிப்படையில் அறம் பற்றிய கேள்விகளே.

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க 1973இல் உருவாகி 1978இல் விரிவாக்கப்பட்ட ‘மார்போல்’ என்ற சர்வதேச உடன்படிக்கை நடைமுறையில் உள்ளது. கப்பலின் அடித்தட்டில் எண்ணெயும் நீரும் கலந்து தேங்கும். அதனைப் பிரித்தெடுத்து, பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நிலையில்தான் கடலில் விடலாம் என்பது விதி. அவ்வாறு செய்வதை எண்ணெய்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பொறுப்பான அதிகாரி ஒப்பமிட வேண்டும். பூர்த்தியான ஒவ்வொரு பக்கத்திலும் கப்டன் ஒப்பமிட வேண்டும். துறைமுகத்தில் கப்பலேறும் அரச பரிசோதகர் அந்த ஏட்டைப் பார்ப்பார். அதாவது, தவறு செய்யக்கூடியவன் தன்னைப் பற்றித் தானே எழுதிய வாக்குமூலமே சட்டத்தின் முதற் சான்று. நாம் அமானிதம் என்று சொல்கிறோமே, அதன் மீதுதான் இவ்வளவு பெரிய சட்டமும் நிற்கிறது.

அமானிதம் மோசடி செய்யப்படும் விதத்துக்கு மாலுமிகளிடம் ஒரு பெயரே உண்டு. பிரிகருவியைச் சுற்றிக்கொண்டு கழிவை நேரே கடலுக்குக் கொண்டு செல்லும் இரகசியக் குழாயை அவர்கள் ‘மாயக் குழாய்’ என்பார்கள். 2013 ஓகஸ்டில் ‘கரீபியன் பிரின்சஸ்’ என்ற உல்லாசப் பயணக் கப்பலில், புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளநிலைப் பொறியியலாளர் அப்படியொரு குழாயைக் கண்டார். கப்பல் சவுத்ஹம்டன் துறைமுகத்தை அடைந்ததும் வேலையைத் துறந்து பிரித்தானிய அதிகாரிகளிடம் முறையிட்டார். 2016இல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்காவில் 40 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. ஏடு சொல்லாததை ஒரு மனிதனின் மனச்சாட்சி சொல்லிற்று.

இவ்விடத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவிக்கும், ஸஹீஹுல் புஹாரியில் இடம்பெறும் கப்பல் உவமை நம்மில் பலருக்கு நினைவு வரும். சீட்டுக் குலுக்கிச் சிலர் மேற்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் அமர்கின்றனர். தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்வானேன், நமது பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாமே என்று கீழே இருப்பவர்கள் எண்ணுகின்றனர். விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவர். நபிகளார் (ஸல்) சொன்ன இவ்வுவமையில் ஓட்டை போட நினைப்பவர்களிடம் தீய எண்ணம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்களிடம் இருப்பது வசதியும், “இது நமது பங்கு” என்ற கணக்குமே. மாயக் குழாயும் கீழ்த்தட்டில் இடப்படும் ஓட்டைதான். ஒரு வேறுபாடு: இன்று அந்த ஓட்டையால் மிச்சமாகும் செலவு, கப்பலில் கால் வைக்காமல் அலுவலகத்தில் இருப்பவர்களின் கணக்கில் சேர்கிறது.

கையைப் பிடிக்கும் கடமையை நமது மரபு ஒரு நிருவாகப் பதவியாகவே வகுத்திருந்தது. இமாம் மாவர்தீ (மறைவு 1058) ஆட்சி நெறிகள் பற்றிய தமது நூலில் முஹ்தஸிபின் கடமைகளை விரித்துரைக்கிறார். கப்பல்கள் தாங்க முடியாத சுமையை ஏற்றுவதையும், கடுங்காற்றில் பாய் விரிப்பதையும் அவர் தடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மூழ்கிய பின் விசாரிக்கும் பணி அல்ல இது; புறப்படுமுன் நிறுத்தும் பணி. அதே மாவர்தீ, வெளியே தெரியாத குற்றங்களைத் துருவித் தேடலாகாது என்றும் வரம்பிடுகிறார். ஆனால் ஒருவன் தனித்த இடத்தில் மற்றவனைக் கொல்லப் போகிறான் என்று நம்பகமானவர் அறிவித்தால், பிறகு ஈடுசெய்ய முடியாத இழப்பு நேருமாதலால், துருவலாம் என்கிறார். கடலுக்கு நேரும் கேடு பெரும்பாலும் இவ்விதிவிலக்கில் அடங்கும் என்பதே என் துணிபு. கடலில் கலந்ததைத் திரும்ப அள்ள முடியாது. ஆகவே இயந்திர அறையைத் திறந்து பார்ப்பது அரசின் உரிமை மட்டுமல்ல, கடமை. தகவல் தரும் ‘நம்பகமானவரைப்’ பாதுகாப்பதும் அவ்வாறே.

நமது நாட்டில் இதற்கென 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், சமுத்திர சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையும் உள்ளன. 2020 செப்டெம்பரில், குவைத்திலிருந்து இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் தொன் மசகு எண்ணெயுடன் இந்தியா சென்ற ‘நியூ டயமண்ட்’ சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. அந்தச் சரக்கு கடலில் கலந்திருந்தால் பொத்துவிலிலிருந்து வடக்கே நமது மீனவர்களின் கதி என்னவாகியிருக்கும்? அல்லாஹ்வின் அருளால் சரக்கு தப்பியது. கப்பலின் சொந்த எரிபொருளே கசிந்தது. கப்டன் குற்றத்தை ஏற்றார். கொழும்பு மேல் நீதிமன்றம் 12 மில்லியன் ரூபா தண்டம் விதித்தது.

எட்டு மாதங்களின் பின் வந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ அப்படித் தப்பவில்லை. அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது வழியிலேயே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹஸீராவிலும் அதனை இறக்கக் கேட்கப்பட்டது. இரு இடங்களிலும் மறுக்கப்பட்டது. கப்பல் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டது. 2021 மே 20ஆம் திகதி தீப்பற்றியது, ஜூனில் மூழ்கியது. ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் குருணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரை மணலில் அவை வெண்பனி போல் குவிந்தன. ஆமைகளின் உடல்கள் ஒதுங்கின. பாணந்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடுக்கப்பட்டது.

மறுத்த துறைமுகங்களுக்கும் தமது மக்களையும் ஊழியர்களையும் காக்கும் பொறுப்பு உண்டு என்று வாதிடலாம். அது நியாயமே. எனினும் “எனது பங்கில் வேண்டாம்” என்று ஒவ்வொருவரும் சொல்லி, கசியும் கப்பலை அடுத்தவர் வாசலுக்கு அனுப்புவது கையைப் பிடிப்பதாகாது. கீழ்த்தட்டுக்காரர்களின் அதே கணக்கை இங்கு அரசுகளும் போடுகின்றன. கடலுக்குப் பங்கு பிரிக்கும் சுவர் இல்லை.

பின்னர் விலை பேசும் காலம் வந்தது. 2023இல் இலண்டன் நீதிமன்றம் கப்பல் தரப்பின் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணுக்கு வரையறுத்தது. அந்த வரையறை கப்பலின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படுவது. அழிந்த கடலின் அளவு அதில் சேராது. 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அரச தரப்பின் தவறுகளையும் சுட்டிக்காட்டியது. செப்டெம்பரில் கப்பல் நிறுவனம் அதைச் செலுத்தப் போவதில்லை என அறிவித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களுள் மீனவர்களும் சூழல் அமைப்பினரும் இருந்தனர். கொழும்புப் பேராயரும் இருந்தார். நமது மார்க்க சபைகள் இவ்விடயத்தில் எங்கே நின்றன என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது. சூரா அர்ரூமின் 41ஆம் வசனம் தரையோடு கடலையும் சேர்த்தே மனிதக் கரங்கள் விளைத்த குழப்பத்தைப் பேசுகிறது. தரையைப் பற்றி மட்டும் நாம் பயான் செய்கிறோம்.

நட்டஈடு வேண்டாம் என்பதல்ல என் வாதம். வலை காய்ந்த வீட்டுக்கு அது உரித்து. கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் தண்டப் பணத்தை வரவேட்டில் பதிந்ததும் தன் பொறுப்பு தீர்ந்தது என்று ஓர் அரசு எண்ணுமாயின், கடலை மாசாக்குவதற்கு ஒரு கட்டணம் நிர்ணயித்ததாகவே முடியும். வசதி உள்ளவன் கட்டணத்தைக் கட்டிவிட்டு ஓட்டை போடுவான். உவமையில் நபிகளார் (ஸல்) ஓட்டைக்கு விலை கூறவில்லை. மேற்தட்டில் இருப்பவன் தன் இடத்தை விட்டு எழுந்து, படியிறங்கிப் போக வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. பரிசோதகரின் வேலையும் அதுதான்: மேலே நீட்டப்படும் ஏட்டோடு நின்றுவிடாமல், இயந்திர அறைக்கு இறங்கிப் போவது.