பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

மாரி ஓய்ந்து, தைப்பனி விலகி, மாசி பிறக்கும் காலம் யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளில் ஒரு புதிய தொடக்கத்தின் காலமாகும். ஐப்பசி தொட்டு மார்கழி வரை பெய்த மழையினாற் கிணறுகளில் நீர் உயர்ந்திருக்கும். மாவும் முருங்கையும் பூத்து நிற்கும். பாத்தி கட்டிக் கத்தரியும் மிளகாயும் நடுவோரும், வெண்டியும் பயிற்றையும் ஊன்றுவோரும் மண்வெட்டியைத் தேடுவது இக்காலத்திலேதான். வேற்று நாட்டார் இளவேனிலின் வரவு என்று கொண்டாடும் பருவத்துக்கு நமது வளவிலுள்ள நிகர் இதுவே.

பாடசாலை விட்டு வந்தபின் எஞ்சும் பொழுதில் நானும் இவ்வாறானதொரு சிறு தோட்டத்தைப் பராமரித்து வருகிறேன். மரவள்ளிக் கிழங்கை எலி குடைந்து தின்னத் தொடங்கியபோது, அயல்வீட்டு ஆச்சி ஒரு பூனைக்குட்டியைத் தந்தார். குட்டி வளர்ந்து பூனையாயிற்று. எலிகளின் தொல்லை குறைந்தது. நான் பாத்திக்கு நீர் விடும்போது அது வரம்பிலே படுத்திருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். வளவிலே எனக்கு அதனினும் நெருங்கிய தோழமை இல்லை என்றே சொல்லலாம்.

கடந்த மாசியிலே தேசிமரத்தின் தாழ்ந்த கொப்பொன்றில் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலும் சருகும் நாருங் கொண்டு தொங்கவிட்ட அச்சிறு பையினுள் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. ஒருநாள் விடிகாலை, கூடு கிழிந்து நிலத்திற் கிடந்தது. தாய்ப்பறவை கொப்புக்குக் கொப்பு தாவிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பூனை வரம்பிலே படுத்து, முன்காலை நக்கிக்கொண்டிருந்தது.

இதனைச் சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “அது பூனையின் இயல்பு, மாஸ்டர். எலியைப் பிடித்தபோது நீங்கள் அதற்கு மீன்தலை போட்டீர்கள். குருவியைப் பிடித்தபோது மட்டும் ஏன் வருந்துகிறீர்கள்? இயற்கையிலே நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை” என்றார்.

அவருடைய கூற்றின் முற்பாதி என்னைச் சுட்டது, அது உண்மை. பூனை எலிக்கும் குருவிக்கும் வேறுபாடு காணவில்லை. வேறுபாடு கண்டவன் நானே. அதுவும் எனது கிழங்கின் நலன் நோக்கிக் கண்டவன். ஆனால் பிற்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. ‘இயற்கை’ என்று அவர் சுட்டிய அந்த நிகழ்ச்சியில் இயற்கையின் பங்கு எவ்வளவு, எனது பங்கு எவ்வளவு என்று சிந்திக்கலானேன்.

வேட்டையாடுதல் பூனையின் இயல்பு என்பதை மறுப்பாரில்லை. எனினும் காட்டிலே வாழும் விலங்குக்கு இரை குறையுமாயின், அவ்விலங்கின் தொகையுங் குறைகிறது. பசியே அங்கு அளவுகோலும் கட்டுப்பாடுமாகும். எனது பூனைக்கோ அக்கட்டுப்பாடு இல்லை. அதற்கு நாள்தோறும் சோறும் மீனும் இடுபவன் நான். வளவில் ஒரு குருவியேனும் எஞ்சாதொழியினும் அது பட்டினி கிடக்கப் போவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் என்பது பூனை வளர்ப்போர் யாவரும் அறிந்ததே. ஆகவே அக்குஞ்சுகளைக் கொன்ற வலிமையிலே எனது சோற்றின் வலிமையுங் கலந்திருக்கிறது.

அதுமட்டுமன்று. கூடு ஏன் அவ்வளவு தாழ்விலே இருந்தது? மிளகாய்க் கன்றுகளுக்கு வெயில் விழவேண்டும் என்று தேசிமரத்தின் மேற்கொப்புகளைத் தறித்தவன் நானே. பூவரசும் கிளுவையும் செறிந்து நின்ற உயிர்வேலியை வெட்டி, மதில் கட்டியவர்களும் நாங்களே. மதில் துப்புரவாக இருக்கிறது. அதிலே எந்தப் பறவையுங் கூடு கட்டுவதில்லை. இவ்வளவையுஞ் செய்துவிட்டு, நிகழ்ந்ததை இயற்கை என்றழைப்பது, நாடகத்தை எழுதி அரங்கேற்றியவன் சபையோருள் ஒருவனாய் அமர்ந்து கண்ணீர் விடுவதை ஒக்கும்.

இது ஒரு வளவுக்குள் அடங்கிய சிறு சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. நியூசிலாந்தைச் சார்ந்த ஸ்டீவன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டில் வெளிச்சவீடு ஒன்று இயங்கத் தொடங்கியது. பறக்கவியலாத சிறு குருவியினம் ஒன்று அத்தீவில் வாழ்ந்தது. மனிதரோடு பூனைகளும் அங்கே சென்றன. சில ஆண்டுகளுள் அவ்வினமே இல்லாதொழிந்தது. அங்கும் பூனைகள் தம் இயல்புப்படிதான் நடந்தன. ஆனால் அவை கடலை நீந்திக் கடந்து அத்தீவையடையவில்லை.

பூனையையும் பறவையையும் ஒருங்கே நேசித்த புரட்சிவாதி ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். ரோசா லக்சம்பேர்க் அம்மையார் ‘மிமி’ என்னும் பூனையை அருமையாக வளர்த்தவர். 1913ஆம் ஆண்டு தொடக்கம் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டி வந்தவர். முதலாம் உலகப் போரை எதிர்த்தமைக்காகச் சிறைப்பட்ட அவர், 1917ஆம் ஆண்டின் இளவேனிலில் வுரொங்கே கோட்டைச் சிறையில் ஒரு சிறு தோட்டத்தைப் பேணினார். அக்காலத்திற் சோபி லீப்னெக்ட் என்னுந் தோழிக்கு எழுதிய கடிதமொன்றில், ஜேர்மனியிற் பாடும் பறவைகள் அருகி வருவதன் காரணத்தைத் தாம் படித்தறிந்ததை எடுத்துரைக்கிறார். எவரும் அவற்றை வெறுத்து அழிக்கவில்லை. காடும் தோட்டமும் கமமும் ஒழுங்காக்கப்பட்டபோது, பொந்துள்ள முதுமரங்களும் புதர்களும் தரிசு நிலங்களும் மறைந்தன. பறவைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. இதனைப் படிக்கையில், வட அமெரிக்காவில் தம் மண்ணிலிருந்து படிப்படியாகத் துரத்தப்பட்ட பழங்குடி மக்களே அவர் நினைவுக்கு வந்தனர்.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பறவையின்பால் அவர் கொண்ட அன்பு, மனிதரின் துயரத்திலிருந்து அவரை ஒதுக்கவில்லை. அதனிடத்தே இட்டுச் சென்றது. பறவைகள் மறைகின்றன என்று பாடி இரங்குவதோடு அவர் அமையவில்லை. அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது எது என்று வினவினார். இரக்கத்துக்கும் அறிவுக்கும் இடையே உள்ள தூரம் இந்த ஒரு வினாவின் தூரமே.

அவ்வினாவை நமது நாட்டிலும் எழுப்பிப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அத்தடை கைவிடப்பட்டதாயினும், அதற்குள் கமக்காரரின் விளைச்சல் வீழ்ந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு யூன் மாதத்தில், அரச ஊழியர்க்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை இணங்கியது. எரிபொருட் தட்டுப்பாடு ஒரு காரணம். வீட்டுத்தோட்டஞ் செய்து உணவு உற்பத்தி செய்யலாம் என்பது மற்றொரு காரணம்.

தோட்டஞ் செய்வது தீதென்று யார் சொல்வார்? நானும் அவ்வாண்டிலே கூடுதலாக இரண்டு பாத்தி கட்டினேன். ஆனால் அந்த அறிவுரையின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். பஞ்சம் ஒரு வறட்சியைப்போல, ஒரு வெள்ளத்தைப்போல, இயற்கையாய் வந்திறங்கியது என்றும், அவரவர் தத்தம் வளவிலே அதனை வென்றுகொள்ள வேண்டும் என்றும் அது கருதச் செய்கிறது. கொப்பைத் தறித்தவனைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. குருவிக்கு உயரமாகக் கூடு கட்டும்படி புத்தி சொல்லும் பேச்சே இருக்கிறது.

வளவு உள்ளவனுக்கன்றோ வீட்டுத்தோட்டம்? மலையகத்திலே தலைமுறை தலைமுறையாகத் தேயிலைச் செடியைப் பேணிய தொழிலாளர் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தாம் வாழும் லயன் அறைக்கேனும், அதன் வாயிலில் அவர்கள் கீரை போடும் துண்டு நிலத்துக்கேனும் உறுதி கிடையாது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தோருட் பலர், தம் காணிகளிற் கால் வைக்காமலே இருபது ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வாழ்ந்து முதுமையடைந்தனர். நமது பெருமைக்குரிய கிணறுகளின் வரலாறு மட்டும் தூய்மையானதா? சாதியின் பெயரால் எத்தனையோ பேர் கிணற்றடியில் ஒதுங்கி நின்று, பிறர் அள்ளி ஊற்றும் நீருக்காகக் காத்திருந்த மண் இது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடிகளைச் சந்திக்க நேர்ந்தது. அதுவும் ‘உலக இயல்பு’ என்றே அக்காலத்துக் கண்ணியவான்கள் சொல்லிக்கொண்டனர்.

உண்மையில் யாழ்ப்பாணத்துக் கிணறு எவருக்குந் தனியுடைமையாக இருக்க முடியாது. சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மீது ஒரு படையாக மிதந்து நிற்கிறது. ஒரு வளவிலே அளவின்றி இறைத்தால் அயல்வளவுக் கிணறும் உவராகும். கிணறு என்னுடையது; நீர் என்னுடையதன்று. மதில் கட்டியவன் மண்ணின் மேற்பரப்பையே பிரித்தான்.

நம்மிற் கற்றவர்கள் பலர் ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்னும் பழமொழிக்கு இலக்கியமாய் வாழ்கின்றனர். ஒடுக்கப்படுவோர்க்கு இரங்குவர், ஒடுக்கும் ஒழுங்கினாற் பெறும் வசதியையும் விடமாட்டார். இருவர்க்கும் நடுவே நிற்கிறோம் என்பர். நாள்தோறும் ஒரு சாராருக்குச் சோறிட்டுக்கொண்டு நடுநிலை பேசுவது எவ்வாறு பொருந்தும்? மனுநீதிச் சோழன் கதையைக் கூறுகையில் நாம் மாணவர்க்கு அரசனின் கொடிய தீர்ப்பையே பெரிதாக உரைக்கிறோம். அதனினும் பெரிது ஒன்றுண்டு. கழுவாய் தேடினாற் போதும் என அமைச்சர் கூறியபோதும், தன் வீட்டுத் தேர் செய்த கொலையைத் தன்னுடையதன்று என அவன் சொல்லவில்லை.

‘இவ்வளவு தெரிந்தபின் தோட்டத்தையும் பூனையையும் விட்டுவிட்டுப் பொதுப்பணிக்குச் செல்லவேண்டியதுதானே?’ என்று ஒருவர் வினவக்கூடும். அவ்வாறு நான் கருதவில்லை. ஒரு கன்று வாடுவதைக் காணத் தெரியாதவன் ஒரு வகுப்பறையிற் பசியோடிருக்கும் பிள்ளையையுங் காணமாட்டான். கவனம் என்பது பிரிக்க முடியாத குணம். ஆனால் வேலிக்கு உள்ளே மட்டும் செல்லும் கவனம் மெல்லமெல்லத் தன்னலமாகத் திரிந்துவிடும். அதனை வெளியே இட்டுச் செல்லும் வழி, ‘இதில் எனது பங்கு என்ன?’ என்ற வினாவே.

பூனையை நான் துரத்தவில்லை. அதனைத் தண்டிப்பது எனது குற்றத்தை அதன்மேற் சுமத்துவதாகும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் இருள் நீங்கும் வேளையிலும் அந்தியிலும் அதனை அறையினுள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறேன். கதவைப் பிறாண்டிக்கொண்டு அது கத்துகிறது. எலிகள் திரும்பி வந்துவிட்டன; இம்முறை மரவள்ளியில் ஒரு பகுதி போயிற்று. அந்த நட்டம் நியாயமானது. நியாயத்துக்கு ஒரு விலையுண்டு என்றால், அதுவரை ஆதாயம் பெற்றவனே அதனைக் கொடுக்க வேண்டும். கூடிழந்தவர்களிடம் அதனை வசூலிக்கலாகாது.

வருகிற மாரிக்கு மதிலின் உட்புறமாக ஊன்றுவதற்குக் கிளுவைக் கதியால்கள் வேண்டுமென்று ஆச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவை தழைத்துப் பறவைக்கு மறைவிடமாகச் சில ஆண்டுகள் செல்லும். ஒரு முற்பகலில் வெட்டி வீழ்த்திய வேலி அது.