பட்டாபிஷேகத்துக்குப் பிறகு

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடர் 78ஆம் பகுதியோடு முடிந்தது. அருண் கோவில் நடித்த ராமன் அரியணை ஏறினான், தீபிகா சிக்லியா நடித்த சீதை பக்கத்தில் அமர்ந்தாள், அயோத்தி கொண்டாடியது. 1987 ஜனவரி 25இல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக் காலம் ஞாயிறுதோறும் நாட்டின் தெருக்களை வெறிச்சோட வைத்த கதை அங்கே நிறைவு பெற்றதாகத் தயாரிப்பாளர் கருதினார். வட இந்திய நகரங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. பஞ்சாபில் எழுந்த வேலைநிறுத்தம் மற்ற நகரங்களுக்கும் பரவியது, தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. அது கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டம் அல்ல. கதையின் மிச்சத்தைக் காட்டு என்று கேட்டார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தினர். வால்மீகி அவர்களுக்குக் குரு, பலருக்குத் தெய்வமே அவர்தான். அமிர்தசரஸை அடுத்த ராம் தீர்த்தத்தில் அவருடைய ஆசிரமம் இருந்தது, லவனும் குசனும் அங்கேதான் வளர்ந்தார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. ராமாயணத்தை இயற்றியவர் அந்தக் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக முழுமையாக நடமாடுவது ஏழாவதான உத்தர காண்டத்தில். காட்டில் விடப்பட்ட கர்ப்பிணிக்குத் தங்க இடம் கொடுத்தவர் அவர்; பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர்; கடைசியில் அரசவைக்கே வந்து அவளுக்காகச் சாட்சி சொன்னவரும் அவரே. முடிசூட்டு விழாவோடு திரையை இறக்கிவிட்டால் சீதையின் இரண்டாம் வனவாசம் மட்டுமா மறைகிறது? அவளுக்குக் கதவு திறந்த ஒரே வீடும் சேர்ந்து மறைந்துபோகிறது. ஊர் ஒதுக்கி வைத்த மக்கள், ஊர் ஒதுக்கிய ஒருத்திக்கு அடைக்கலம் தந்தவரைக் காட்டச் சொன்னார்கள். அதைவிட நியாயமான பக்தி வேறென்ன இருக்க முடியும்?

அரசு இணங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் உத்தர காண்டம் தனித் தொடராக ஒளிபரப்பாகத் தொடங்கியது.

தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியைப் பற்றிய சண்டை என்று இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் கேள்வி பழையது, கனமானது. ஒரு புனிதக் கதை எங்கே முடிய வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? கவியா, பக்தரா, ஆய்வாளரா, கதையில் இடம் கிடைக்காமல் போனவரா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் பதில் சொல்லிவந்த வட்டாரம் ஒன்று உண்டென்றால் அது காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாடு. கண்ணாடிமேல் வார்த்து எடுக்கும் வண்ணத் தரைக்கற்களால் உலகறிந்த ஆத்தங்குடியும் அதைச் சுற்றிய ஊர்களும் நகரத்தாரின் பெரிய வீடுகள் நிறைந்தவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என நீளும் அந்த வீடுகளின் சுவர்களில் அதிகம் இடம்பெற்ற படங்களில் ஒன்று ராமர் பட்டாபிஷேகம். தஞ்சாவூர் ஓவியமாகத் தங்கத் தகடு மின்ன இருக்கலாம், அச்சிட்ட படமாகவும் இருக்கலாம், காட்சி அதேதான். புரட்டாசியில் வீட்டில் ராமாயணம் வாசித்துப் பட்டாபிஷேகத்தோடு நிறைவு செய்யும் வழக்கமும் இங்கே உண்டு.

ஏன் அந்தக் காட்சியில் நிறுத்தினார்கள் என்று யோசிக்கும்போது இந்த ஊர்களின் வாழ்க்கை கண்முன் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை இவ்வூர் ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். மூன்று ஆண்டு ஒரு கணக்கு என்று ஏஜெண்டுகள் அங்கே தங்கினார்கள். ஆச்சிமார் வீட்டையும் பிள்ளைகளையும் கணக்கையும் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தார்கள். கடல் கடந்து போய், பிரிந்து, மீண்டு, ஒன்றாக அமர்ந்த இணையின் படத்தைத் தினமும் பார்த்து விளக்கேற்றிய பெண்ணுக்கு அது வெறும் சாமி படமாக இருந்திருக்காது. திரும்பி வருவார் என்ற உறுதிமொழியாக அதை அவள் வாசித்திருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஏழாம் காண்டத்தை மாட்ட யாருக்கு மனம் வரும்?

தமிழ்க் கவிஞனும் அவள் பக்கம்தான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடிய கம்பன் ஆறு காண்டங்களோடு நிறுத்திவிட்டான். தமிழில் இருக்கும் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குவது. இதற்கு ஒரு செவிவழிக் கதையும் உண்டு. கம்பனின் காவியத்தைக் கேட்டபின் தன் ராமாயணம் எதற்கு என்று கூத்தர் ஏடுகளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். கம்பன் ஓடிவந்து கையைப் பிடித்தபோது மிஞ்சியிருந்தது உத்தர காண்டம் மட்டும்தானாம். வரலாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தமிழ் மனம் அந்தக் காண்டத்தை எப்படி வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கம்பன் தானாகப் பாட மாட்டான், ஆனால் அது அழியவும் விட மாட்டான். ராஜாஜியும் அந்த இடத்தில் தயங்கினார். சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலைப் பட்டாபிஷேகத்தோடு முடித்து, உத்தர காண்டக் கதையைச் சொல்லாமல் விட்டார்.

ஆய்வாளர்களைக் கேட்டால் அவர்களும் ஓரளவு இந்தப் பக்கமே சாய்வார்கள். வால்மீகியின் யுத்த காண்டத்தின் முடிவிலேயே நூலைப் படித்தால் வரும் பலன் சொல்லப்படுகிறது. நூல் அங்கே நிறைவுற்றதற்கான அடையாளம் அது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி 1893இல் வெளியிட்ட ஆய்வில் முதல் காண்டத்தின் பெரும்பகுதியும் ஏழாம் காண்டமும் பிற்சேர்க்கை என்று வாதிட்டார். எனினும் பரோடாவில் உருவான செம்பதிப்பு ஏழு காண்டங்களையும் கொண்டே வந்தது. பிற்காலத்தில் சேர்ந்தது என்பதாலேயே ஒரு பகுதி பொய்யாகிவிடாது. யாரோ சிலர், எப்போதோ, முடிசூட்டோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை என்று உணர்ந்திருக்கிறார்கள். அந்த உணர்வு எங்கிருந்து வந்தது என்பதே சமய சிந்தனைக்கு உரிய கேள்வி.

அது ஆறாம் காண்டத்துக்குள்ளிருந்தே வந்தது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இதைப் பேசுவதற்குப் பொருத்தமான இடம். ஆண்டுதோறும் பங்குனியில் காரைக்குடியில் விழா நடத்தி, அத்த நாளன்று கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் நிறைவு செய்யும் கழகம் அது. பட்டிமண்டபத்தைத் தமிழ்நாட்டின் பொழுதுபோக்காகவே ஆக்கியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. வாலியை மறைந்து நின்று எய்தது அறமா, கும்பகருணன் உயர்ந்தவனா வீடணன் உயர்ந்தவனா என்று வாதாடிக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. தெய்வமென்று வணங்கும் ஒருவனையே கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது நிந்தனை ஆகாது என்ற பெரிய பாடத்தை அந்த மேடைகள் ஊருக்குத் தந்தன.

கம்பனைப் பேசும் மேடையில் சீதையைக் காட்டுக்கு அனுப்பியதைப் பேச வேண்டியதில்லை. கம்பன் அதைப் பாடவே இல்லை. ஆனால் மீட்சிப் படலத்தைத் தாண்டிப் போக முடியாது. போர் முடிந்து வந்து நின்ற மனைவியிடம் ராமன் பேசும் கடுஞ்சொற்களும் அவள் தீயில் இறங்குவதும் அங்கே இருக்கின்றன. தீ அவளைத் தொடவில்லை, வானவர் சாட்சி சொன்னார்கள், ராமன் ஏற்றுக்கொண்டான். ஊர் ஏற்றுக்கொண்டதா என்பதற்கு அங்கே விடை இல்லை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசன’த்தில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிப்போகிறாள். உத்தர காண்டத்தைத் தொடாமலேயே அதன் வலி முழுவதையும் அவர் கொண்டுவந்துவிட்டார். பட்டாபிஷேகத்தில் நிறுத்தினால் தப்பித்துவிடலாம் என்பவர்களுக்கு அந்தக் கதை போதும்.

சாகர் பிறகு எடுத்த தொடரும் தப்பிக்கவே பார்த்தது. வால்மீகியில் லட்சுமணன் தேரில் கொண்டுபோய் விடும்வரை சீதைக்கு விஷயம் தெரியாது. தொலைக்காட்சியில் அவளே ஊர்ப் பேச்சை அறிந்து, அரசனின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாதென்று தானாகப் புறப்படுகிறாள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மறுஒளிபரப்பு செய்தபோது புதிய தலைமுறை பார்த்ததும் இந்தச் சீதையையே. இது அவளுக்கு மதிப்பளிக்கும் மாற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. முடிவெடுக்கும் உரிமை அவளிடம் வருவது உண்மைதான். ஆனால் ராமனின் குற்ற உணர்வும் ஊரின் பொறுப்பும் அந்த நொடியிலேயே கரைந்துபோகின்றன. தியாகம் என்ற பெயரில் பாரமெல்லாம் அவள் தலையிலேயே ஏறுகிறது.

யார் பேசியதால் அவள் போனாள் என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாளில் பரவிய கதைகளில் பழி ஒரு சலவைத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. 1963இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த ‘லவகுசா’ படமும் அதையே காட்டியது. வால்மீகியில் அப்படி ஒரு தனி ஆள் இல்லை. சந்தைகளிலும் தெருக்களிலும் ஊரார் எல்லாரும் பேசுவதாகப் பத்திரன் என்பவன் அரசனிடம் சொல்கிறான். ஊரின் குற்றத்தை ஊர் தன் விளிம்பில் இருந்த ஒருவனிடம் தள்ளிவிட்டது. 1988இல் கதையைத் தொடரச் சொன்னவர்களும் விளிம்பில் நிறுத்தப்பட்டவர்களே என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அதே காண்டத்தில், வேள்விக்குக் கூடிய மக்கள் முன்னால் லவனும் குசனும் ராமாயணத்தைப் பாடுகிறார்கள். கேட்டு நெகிழும் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேசிய ஊரும் உண்டு. வால்மீகியில் அதற்குப் பிறகும் இன்னொரு முறை நிரூபி என்றுதான் கேட்கிறார்கள். சீதை மண்ணுக்குள் போய்விடுகிறாள். எட்டாம் நூற்றாண்டுக் கவி பவபூதியால் இதைத் தாங்க முடியவில்லை. தன் ‘உத்தரராமசரித’ நாடகத்தில் முடிவையே மாற்றினார். சீதையின் துயரத்தை நாடகத்துக்குள் ஒரு நாடகமாக ராமனும் மக்களும் உட்கார்ந்து பார்க்க வைத்தார். பிறகு சீதை உயிரோடு வருகிறாள். ராமனோடு சேர்வதற்கு முன், அருந்ததி பார்வையாளர்களாக இருந்த ஊராரைப் பார்த்து அவர்களுடைய கருத்து என்ன என்று கேட்கிறாள். அவர்கள் எழுந்து சீதையை வணங்கிய பிறகே பவபூதி அவளை அயோத்திக்கு அனுப்பச் சம்மதிக்கிறார்.