யாருடைய சாவு

தன் சாவு தன் சொந்த விஷயம் என்று எழுதுவது நம்மிடையே வழக்கம். அமெரிக்காவில், நியூஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் மலையில் இந்த வாதம் நிற்காது. அங்கே சுமார் 1,400 மீட்டரோடு மரங்கள் முடிந்துவிடுகின்றன. மேலே காற்றுக்கு மறைப்பில்லை. 1934 ஏப்ரலில் உச்சியில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 372 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஏறுகிறவன் லேசான குளிரோடேயே புறப்பட வேண்டும். இதமாகப் போர்த்திக்கொண்டு நடந்தால் வியர்க்கும். நின்றதும் அந்த ஈரமே உடம்பை விறைக்கச் செய்யும். விறைத்துக் கிடப்பவனைத் தேடி யாராவது கிளம்பியாக வேண்டும். 1982 ஜனவரியில், புயலில் வழிதவறிய இருவரைத் தேடிப் போனவர்களில் ஒருவர் பனிச்சரிவில் செத்தார், தொலைந்தவர்கள் பிழைத்தார்கள். அலட்சியமாக ஏறியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க அம்மாநிலத்தில் இப்போது சட்டமுண்டு. செலவை மட்டும். பாதியில் திரும்புகிறவனைக் கோழை என்னும் கவிநண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை.