மாவுக்கோழியும் மறுவரலாறும்

நடந்த வரலாற்றை நடவாததாகவும், நடவாததை நடந்ததாகவும் கற்பித்துக் கதை புனைவது ஓர் இலக்கிய வகையாக வளர்ந்துள்ளது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதியார் வென்றிருந்தால் என்ற கற்பனையில் சர்ச்சில் ஒரு கட்டுரையே எழுதினார். இத்தகைய நூல்களுள் பல போர்க்களத்திலேயே தொடங்குகின்றன. நம் இல்லங்களிலும் இக்கேள்வி எழுவதுண்டு. தகடூர்ப் போரில் பெருஞ்சேரல் இரும்பொறையை அதியமான் வென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று, தருமபுரி மண்ணின் சிறுவன் கேட்பது இயல்பே.

கற்பனையில் ஓர் உயிரும் மடிவதில்லையே, இதில் என்ன குற்றம் என்று நாம் கேட்கலாம். யசோதர காவியத்தை அறிந்தவர்க்கு இதன் விடை தெரியும். உயிர்ப்பலிக்கு இசையாத யசோதர மன்னன், தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்டான். சிந்திய குருதி ஒரு துளியும் இல்லை. ஆயினும் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். வாள் வெட்டியது மாவை. எண்ணம் வெட்டியதோ உயிரை. பாவ ஹிம்சை என்று ஆசாரியர்கள் கூறுவது இதனையே. பயனின்றி வினை ஈட்டும் அனர்த்த தண்டத்தின் வகைகளுள் தீய சிந்தனையும் ஒன்று. வெற்றி, தோல்வி, போர் ஆகியவற்றை எஞ்ஞான்றும் எண்ணற்க என்பது அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் கூறும் கருத்து.

அங்ஙனமாயின் போர் புரிந்த மன்னரெல்லாம் நம்மினும் கொடியவரோ? அல்லர். நாடு காக்கும் கடமையில் நேரும் விரோதி ஹிம்சையை இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாது என்பதை அறநூல்கள் உணர்ந்துள்ளன. மன்னனுக்கு ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து, மாண்டவரை மீண்டும் ஒருமுறை மாளச் செய்து மகிழும் நமக்கு எந்த நிர்ப்பந்தம் உள்ளது? இதனைச் சிந்திக்க வேண்டும்.

மேலும், வென்றவன் பெயரை மாற்றினால் மாறுவது எவ்வளவு? தகடூரில் அதியமான் வென்றிருப்பினும் களத்தில் தாய்மார் அழுதேயிருப்பர். இதை உணர்ந்த எழுத்தாளரும் உளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றதாக 1962-இல் நாவல் எழுதிய பிலிப் கே. டிக், படைகளை விடுத்துப் பழம்பொருள் வணிகரையும் நகை செய்வோரையும் கதை மாந்தராக்கினார். ஆட்சி மாறியபின் எளியோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே அவர் கண்ட கேள்வி.

நம் மண்ணில் எஞ்சி நின்றது எது என்று பாருங்கள். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, நெடுமான் அஞ்சி அளித்த பாளியை, அதாவது குகை உறைவிடத்தை, குறிக்கிறது. சமணத் துறவியர்க்கு அளித்தது அது என்பர் ஆய்வாளர். களம் பல கண்ட வேந்தனின் பெயரை அக்கல் ஓர் ஈகைக்காகவே சுமக்கிறது. அவ்வைக்கு அவன் அளித்த நெல்லிக்கனியைக் குழந்தையும் அறியும். அவன் வென்ற போர்களை எத்துணைப் பேர் அறிவர்?

பின்னர் சக ஆண்டு 815-இல், அதாவது கி.பி. 893-இல், நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணர், சண்டியண்ணர் என்னும் வணிகச் சகோதரர் தகடூரில் ஒரு பசதியை எடுப்பித்தனர். மன்னனிடம் பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை, அப்பசதியின் பழுது பார்த்தல் முதலியவற்றிற்காகக் கனகசேன சித்தாந்த படாரரிடம் நிதியண்ணர் ஒப்புவித்தார். எல்லைகள் இடையறாது மாறிய காலம் அது. எனினும் கூரை ஒழுகாதிருக்க வழி செய்தனர் இருவர்.

ஆதலின் நம் சிறுவர்க்குக் கேள்வியை மாற்றித் தருவோம். அதியமான் வென்றிருந்தால் என்பதை விடுத்து, அந்தப் பாளியை அவன் அளியாதிருந்தால், அச்சகோதரர் தம் பொருளைத் தமக்கே வைத்துக்கொண்டிருந்தால் என்று கேட்கச் செய்வோம். அப்போது கற்பனையும் அறத்துக்குத் துணையாகும். போரின் முடிவை மாற்ற நம்மால் இயலாது. இன்று இரவு உண்பதற்கு முன் ஓர் உயிரைக் காப்பதும், ஒருவர்க்கு ஈவதும் நம் கையில் உள்ளன.

அறம் வளர்க.